பத்து சென்டில் எள்: விதைப்பதிலிருந்து போர் தட்டும் வரை

எள் விதைப்பது சுலபம். அறுப்பில்தான் கோட்டை விடுவோம். குடியாத்தம் பக்கம் எங்கள் கொல்லையில் போன கோடையில் எனக்கு அப்படித்தான் ஆனது. கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்தால், காயெல்லாம் வாய் பிளந்து பாதி எள் மண்ணில் கிடந்தது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உழவு. 'எள்ளுக்கு ஏழு உழவு, கொள்ளுக்கு ஓர் உழவு' என்பார்கள். விதை அவ்வளவு பொடிசு. கட்டிக்கு அடியில் மாட்டினால் முளை மேலே வராது. மண் புழுதியாகும் வரை ஓட்டுங்கள். தண்ணீர் தேங்கும் இடம் வேண்டாம், வேர் அழுகிவிடும்.

மாசிப் பட்டத்துக்கு டி.எம்.வி. 7 நல்ல ரகம். 80, 85 நாளில் அறுப்புக்கு வரும். பத்து சென்டுக்கு 200 கிராம் போதும். விதையைப் போல நாலு மடங்கு காய்ந்த மணலைக் கலந்து தூவினால் பரவலாக விழும். மேலாக மண் மூடினால் சரி.

15ஆம் நாள் செடிக்குச் செடி அரை அடி, 30ஆம் நாள் ஓரடி இடைவெளி இருக்கும்படி கலைத்துவிடுங்கள். நன்றாக வந்த செடியைப் பிடுங்க மனசு வராது. ஆனாலும் பிடுங்குங்கள். நெருக்கமாக நின்றால் கிளை விடாமல் ஒற்றைக் குச்சியாகப் போய்விடும்.

விதைத்ததும் ஒரு தண்ணீர், ஏழாம் நாள் முளை பிடித்து நிற்க ஒரு தண்ணீர் (உயிர்த் தண்ணீர் என்போம்), பூக்கும்போது ஒன்று, காய் பிடிக்கையில் ஒன்றிரண்டு. 65 நாளுக்கு மேல் வேண்டாம். பூ இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இலையாகக் கொத்துக் கொத்தாக வந்தால் அது பூவிலை நோய். தத்துப்பூச்சி பரப்புவது, அந்தச் செடியை உடனே பிடுங்கி எரித்துவிடுங்கள்.

இனி அறுப்பு. 75ஆம் நாளிலிருந்து தினமும் காலையில் கொல்லைக்குப் போங்கள். அடியிலை உதிர்ந்து, பாதிச் செடி வரை காய் மஞ்சளாகியிருக்கும். அடியிலிருந்து பத்தாவது காயைப் பறித்து நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே எள் வெள்ளையாக இருந்தால் பொறுங்கள். பழுப்பேறியிருந்தால் மறுநாளே பிடுங்கிவிடுங்கள், எந்தக் கல்யாணமானாலும்!

பிடுங்கிய செடிகளை நுனி உள்ளே, தண்டு வெளியே இருக்கும்படி வட்டமாகப் போர் போட்டு, மேலே வைக்கோலால் மூடுங்கள். மூன்று நாள் புழுங்கட்டும். அப்புறம் தார்பாய் விரித்து, செடியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் முக்கால் பங்கு எள் பொலபொலவென்று கொட்டும். மிச்சத்துக்கு இன்னொரு நாள் வெயிலில் போட்டுத் தட்டுங்கள்.

புடைத்துக் காயவைத்து, செக்குக்குக் கொண்டுபோகும் முன் அடுத்த பட்டத்துக்கான 200 கிராமைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.