கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்துக்காகச் சண்டை போடுவது எப்படி

வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: எல்லோரும் கேட்டிருப்பது ஒரே ரெக்கார்டுதானா? கிங் கிரிம்சன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் முதல் ஆல்பமான 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' 1969 அக்டோபர் 10 அன்று வந்தது. 2009-ல் ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்காரரும் குழுவின் கிடார்காரர் ராபர்ட் ஃப்ரிப்பும் சேர்ந்து அதைப் புதிதாக மிக்ஸ் செய்தபோது, நாலாவது பாட்டான 'மூன்சைல்ட்'டில் ரெண்டு நிமிடத்துக்கு மேல் கத்தரித்துவிட்டார்கள். பழையதில் அது பன்னிரண்டு நிமிடம் சொச்சம். ஒருத்தர் கத்தரித்ததைக் கேட்டுவிட்டு "அப்படியொன்றும் இழுக்கவில்லையே" என்பார். இன்னொருத்தர் முழுசையும் கேட்டு நொந்துபோய் வந்திருப்பார். அந்தச் சண்டை விடிய விடியப் போட்டாலும் தீராது.

நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பொங்கல், கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பாக்ஸ் கட்டுவோம். சீசன் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்பக்கம் சிலர் கூடுவார்கள். பொள்ளாச்சியிலிருந்து என் மச்சான், பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ரிட்டயர்டு ஆன கணக்கு மாஷ் (வாத்தியார்), கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன். மாஷ் மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் திட்டுவார். நாங்கள் தமிழில் ஆரம்பித்து "மாஷே, மதி மாஷே" (போதும் சார்) என்று முடிப்போம். ஆழியாற்றுத் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அதில் ரெண்டு மாநிலமும் வந்து உட்கார்ந்துவிடும்.

எங்கள் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். போட்டுக் காட்ட முடியாததைப் பேசக் கூடாது. "டிரம்ஸ் பிரமாதம்" என்று சொன்னால் போதாது. எந்தப் பாட்டு, எந்த இடம் என்று சொல்லி, அங்கே ஓடவிட்டுக் காட்ட வேண்டும். மைக்கேல் ஜைல்ஸ் பெரிய டிரம்மர் என்பது உங்கள் கட்சியா? முதல் பாட்டான 'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்' நடுவில், கிடார், சாக்ஸ், பேஸ், டிரம்ஸ் எல்லாம் ஒன்றாகப் பாய்ந்து, ஒன்றாக நின்று, மறுபடி பாயும் இடத்தைப் போடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் டீ குடித்தால் போதும்.

அந்தப் பாட்டைப் போடும்போது ஒரு எச்சரிக்கை. ஆரம்பத்தில் அரை நிமிடம் போலக் காற்று மாதிரி ஏதோ மெல்லிய சத்தம்தான் வரும். ஒயர் லூஸ் என்று நினைத்து வால்யூமை ஏற்றிவிடாதீர்கள். கிடாரும் சாக்ஸும் சேர்ந்து இறங்கும்போது ஸ்பீக்கரின் ட்வீட்டர் போய்விடும். பாடகர் கிரெக் லேக்கின் குரலும் கிழிந்துதான் வரும். என் செட்டில் குரல் அப்படி வந்தால் கல்யாண வீட்டில் வாடகை தரமாட்டார்கள். இங்கே அது வேண்டுமென்றே செய்தது. எதிர்க்கட்சி "ரெக்கார்டிங் மோசம்" என்று ஆரம்பித்தால், அடுத்த பாட்டு 'ஐ டாக் டு த விண்ட்'டைப் போடுங்கள். அதே ஆள், சுத்தமான குரல், பக்கத்தில் இயன் மெக்டொனால்டின் புல்லாங்குழல். அந்த வாதம் அத்தோடு சரி.

மெல்லட்ரானைத் தெரியாமல் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச உட்காராதீர்கள். 'எபிடாஃப்'பிலும் கடைசிப் பாட்டிலும் பின்னால் எழும்புகிற அந்த வயலின் கூட்டம் வயலின்காரர்கள் வாசித்ததில்லை. கீபோர்டு மாதிரி இருக்கும் பெட்டிக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியாக ஒரு துண்டு டேப். கட்டையை அழுத்தினால் பிஞ்ச் ரோலர் டேப்பைச் சுழலும் கம்பியோடு சேர்த்துப் பிடிக்கும், டேப் ஹெட்டின்மேல் ஓடும், அதில் முன்பே பதிந்த வயலின் ஒலிக்கும். சுமார் எட்டு நொடியில் டேப் முடிந்துவிடும். கையை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். கேசட் டெக் ரிப்பேர் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்: இத்தனை ரோலர், இத்தனை ஹெட், ஒன்று கூட ஒரே சீராக ஓடாது. அதனால்தான் அந்த ஒலியில் ஒரு லேசான அசைவு. அழுகிற குரலுக்குப் பக்கத்தில் வைத்தால் அது பொருந்திப்போகிறது.

மச்சான் இதைத்தான் குறையாகச் சொல்வார். "காசில்லாதவன் வயலினுக்குப் பதில் வைத்த பெட்டி" என்பார். அவருக்குப் பதில் சொல்ல 'எபிடாஃப்'பின் கடைசிப் பகுதியைப் போடுங்கள். அது எட்டு டிராக் மெஷினில் பதிவானது. கிடைத்த எட்டுக்குள் அடுக்கி, கலந்து, மறுபடி அடுக்கித்தான் அந்தக் கனத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நிஜ வயலின்கள் வைத்திருந்தால் சினிமாப் பாட்டு மாதிரி பளபளப்பாகியிருக்கும் என்பது என் கட்சி. இதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்து, 'முதல் ஆல்பம்' என்ற சலுகை. "முதல் முயற்சிதானே, விடுங்க" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். குழு ஒத்திகையைத் தொடங்கியது 1969 ஜனவரியில். ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு முன்னால் வாசித்தார்கள். அக்டோபரில் ரெக்கார்டு. வேகம்தான், ஆனால் ஆட்கள் புதியவர்கள் இல்லை. ஃப்ரிப்பும் ஜைல்ஸும் 1968-லேயே வேறு பெயரில் ஒரு ஆல்பம் போட்டிருந்தார்கள். சலுகை கேட்பவர்களிடம் அதே 1969-ல் வந்த வேறு ரெண்டு முதல் ஆல்பங்களைக் காட்டுங்கள். யெஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்று, பேர்ட்ஸ் குழுவின் பாட்டு ஒன்று. ஜெனிசிஸ் குழுப் பையன்கள் அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்தவர்கள். அவர்கள் பாட்டின் மேல் தயாரிப்பாளர் வயலின்களைப் பூசிவிட்டார். பெயரில் பைபிள் வாடை அடித்ததால் சில கடைகளில் அதைப் பக்திப் பாட்டு வரிசையில் வைத்தார்கள். அவைதான் சலுகை கேட்கிற ரெக்கார்டுகள். இதற்கு அது தேவையில்லை, கொடுக்கவும் கூடாது.

இன்னொரு குறுக்கு வழியையும் அடைத்துவிடுங்கள்: எல்லாப் புகழையும் ஃப்ரிப்புக்கே எழுதி வைப்பது. பின்னாளில் எல்லாக் காலத்திலும் குழுவில் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் வருகிற பழக்கம் இது. 'ஐ டாக் டு த விண்ட்'டும் கடைசிப் பாட்டும் மெக்டொனால்டும் பாட்டெழுதுகிற பீட்டர் சின்ஃபீல்டும் எழுதியவை. புல்லாங்குழல், சாக்ஸ், மெல்லட்ரான் எல்லாம் மெக்டொனால்டு. அவரும் ஜைல்ஸும் அந்த வருடக் கடைசியிலேயே, அமெரிக்கப் பயணத்தோடு, விலகிவிட்டார்கள். அக்கா மகன் "ஃப்ரிப் ஜீனியஸ், மாமா" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் புல்லாங்குழலைத்தான் போடுவேன்.

அட்டைப் படத்துக்கு மார்க் கிடையாது. பேரி காட்பரின் அந்த அலறும் முகம் யாரையும் கட்சி மாற்றிவிடும். அதனால் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசுங்கள். விமர்சகர்களையும் இழுக்காதீர்கள். 'த ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார், அமெரிக்க விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்கௌ காறித் துப்பினார். கணக்கு நேர். "ராஜா செய்யாததா" என்று யாராவது கிளம்பினால் அவர் கையில் ஒரு கட்டன் சாயாவும் பழம்பொரியும் கொடுத்து உட்கார வையுங்கள். அது வேறு ஞாயிற்றுக்கிழமை.

இனி நிஜமான சண்டை: 'மூன்சைல்ட்'. முதல் ரெண்டரை நிமிடம் அழகான பாட்டு. அப்புறம் கிடார், வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது), டிரம்ஸ் மூன்றும் தாளம் பிடிக்காமல், குரல் உயர்த்தாமல், ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு நகரும். இந்த ஆல்பம் நல்லதா இல்லையா என்பது என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு இடத்தில்தான் முடிவாகிறது. மற்ற நாலு பாட்டுக்கும் வக்கீல் தேவையில்லை.

மாஷ் இதற்குத் தாயம்பகையை, அதாவது கேரளத்துச் செண்டைக் கச்சேரியை, கொண்டுவருவார். பாலக்காட்டுக்காரர், செண்டை கேட்டு வளர்ந்தவர். பதிகாலம் என்ற முதல் பகுதியில் மெதுவாகத் தொடங்கினாலும், இரிகிட என்ற வேகமான கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேரப் போகிறோம் என்று கேட்பவனுக்குத் தெரியும், அதனால் பொறுமை வருகிறது. இது எங்கேயும் போகவில்லை, அதனால் ஏமாற்று என்பது அவர் வாதம். நல்ல வாதம், லேசில் தள்ள முடியாது. நான் சொல்லும் பதில் இது: முன்னால் 'எபிடாஃப்' இருக்கிறது, பின்னால் கடைசிப் பாட்டு இருக்கிறது. ரெண்டும் கனமானவை. நடுவில் இந்த மெல்லிய இடத்தை எடுத்துவிட்டு ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டால், கடைசிப் பாட்டின் முதல் அடி பாதி பலம் இழந்துவிடும். சொல்வதோடு நிற்காமல் போட்டுக் காட்டவும் செய்கிறேன். ஒருமுறை விட்டுவிட்டு, ஒருமுறை முழுசாக. மாஷ் ரெண்டாவதில் கண்ணை மூடிக்கொள்வார். தூங்கினாரா கேட்டாரா என்று சாட்சி சொல்ல ஆளில்லை.

இதைப் போடும்போது ஃபேனை நிறுத்துங்கள். கதவையும் சாத்துங்கள். ரோட்டில் கள்ளு வண்டி போனால்கூட அந்த வைப்ரஃபோன் காணாமல் போகும். போனின் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு 'மூன்சைல்ட்' வெறும் நிசப்தம் என்று சொல்பவர்களுக்கு ஓட்டு கிடையாது.

கடைசிப் பாட்டு முடிந்தது போல நிற்கும். எழுந்து போய் நிறுத்திவிடாதீர்கள். சின்ன ஆர்கன் மாதிரி அதே மெட்டு மறுபடி வரும், அப்புறம் முழுக் கூட்டமும் ஒருமுறை எழும்பும். அந்தப் பொய் முடிவு தேவையா என்பதே தனிச் சண்டை. தேவையில்லை என்பது என் கருத்து. சொல்லி முடித்ததையே மறுபடி சொல்கிறார்கள்.

யாரும் இறங்கி வரவில்லை என்றால் 1970-ல் வந்த ரெண்டாவது ஆல்பம் 'இன் த வேக் ஆஃப் பொசைடன்'னின் முதல் பக்கத்தைப் போடுங்கள். சின்ன முன்னுரைக்குப் பிறகு ஒரு முரட்டுப் பாட்டு, ஒரு மென்மையான பாட்டு, ஒரு மெல்லட்ரான் பாட்டு. முதல் ஆல்பத்தின் முதல் பக்கம் அப்படியே அதே வரிசையில். மச்சான் "பார்த்தீங்களா, வெறும் அச்சுதான்" என்பார். "அச்சு வார்த்தது முதல் ஆல்பம்தானே" என்று அக்கா மகன் எகிறுவான். மாஷ் மறுபடி தாயம்பகைக்குப் போவார். இந்த ரெக்கார்டை எடுப்பதற்கு முன்னால் மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சி பஸ்ஸைத் தவறவிட்டால் மச்சான் ராத்திரி என் வீட்டில்தான் படுப்பார், சாப்பாட்டுத் தட்டிலும் மெல்லட்ரான்தான்.