தேயிலை விவசாயியின் கையில் ஒரு செயலி: பயனர் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் போனைத் தொடாமல் நடக்கும் வேலை இன்று குறைவு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பதிவு செய்த பிறகே மலைக்கு வருகின்றன. தேயிலை விற்ற பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பதும் போனில்தான். இங்கேயே இருந்துகொண்டு செயலிகளும் இணையதளங்களும் உருவாக்க முனையும் இளைஞர்கள், அவற்றை மக்களிடம் சோதித்துப் பார்க்கும் முறையையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பயன்படுத்தப்போகிறவரிடம் அவருடைய உண்மையான வேலை ஒன்றைக் கொடுத்து, அவர் அதைச் செய்வதைக் கவனித்து, எங்கே, ஏன் தடுமாறுகிறார் என்று அறிவதே பயனர் சோதனை. அது பெரும்பாலும் கெட்டுப்போவது, யாரை அழைப்பது, என்ன செய்யச் சொல்வது, எங்கே உட்காருவது என்று தீர்மானிக்கும் கட்டத்திலேயே.

பேச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தொழிற்சாலைக்குக் கொடுத்த பச்சைத் தேயிலையின் எடை, மாத விலை, பிடித்தம், கணக்கில் சேர்ந்த தொகை ஆகியவற்றைச் சிறு தேயிலை விவசாயி பார்த்துக்கொள்ள உதவும் செயலி அது.

முதல் தவறு, கேள்வி இல்லாமல் தொடங்குவது. ‘செயலி நன்றாக இருக்கிறதா என்று பார்ப்போம்’ என்று கிளம்பினால், திரும்பி வரும்போது கையில் பாராட்டுகளும் சில்லறைக் குறைகளும் மட்டுமே இருக்கும். ‘எடைச் சீட்டில் உள்ள அளவும் செயலியில் உள்ள அளவும் வேறுபட்டால், அதை விவசாயி கண்டுபிடித்துப் புகார் தெரிவிக்க முடிகிறதா?’ என்பது சோதிக்கத் தக்க கேள்வி. அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து எந்தத் திரையை மாற்றுவது என்று குழு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கைக்கு எட்டியவர்களை அழைப்பது. அலுவலக நண்பர்களும் கல்லூரி மாணவர்களும் எளிதில் கிடைப்பார்கள். ஆனால் அவர்கள் கொழுந்து பறித்து எடை போட்டவர்கள் அல்லர். விவசாயிகளைத் தேடிச் சென்றாலும், மலை ஒரே மாதிரியானது அன்று. கோத்தகிரிப் பக்கம் வீட்டில் படுக மொழி பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் மிகுதி. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் மலையாளம் பேசுவோரும், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் குடும்பங்களும் உள்ளன. திரையில் உள்ள ‘நிலுவைத் தொகை’ என்ற சொல் இவர்கள் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் புரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கேதான் ‘ஐந்து பேர் போதும்’ என்ற புகழ்பெற்ற விதி தவறாகப் பயன்படுகிறது. பயன்பாட்டுத் தர ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டாயரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு சிக்கலை ஒரு பயனர் சந்திக்கும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று கொண்டால், ஐந்து பேரைச் சோதிக்கும்போது ஏறத்தாழ 85 சதவீதச் சிக்கல்கள் தென்பட்டுவிடும். அந்த 31 சதவீதம் அவர்கள் ஆராய்ந்த திட்டங்களின் சராசரி. எல்லாச் சிக்கலுக்கும் பொருந்தும் அளவு அன்று. பத்துப் பேரில் ஒருவரை மட்டுமே தாக்கும் சிக்கலை எடுத்துக்கொண்டால், ஐந்து பேரில் ஒருவராவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 41 சதவீதம்தான். அந்தச் சிக்கல் பணம் தவறான கணக்குக்குப் போவதாக இருந்தால், அது கண்ணில் படாமல் போவதை ஏற்கவே முடியாது. மேலும், நீல்சனே பின்னர் விளக்கியபடி, ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட குழுக்கள் இருந்தால் ஒவ்வொரு குழுவிலிருந்தும் மூன்று நான்கு பேரை அழைக்க வேண்டும். பதினைந்து பேரை ஒரே மூச்சில் சோதிப்பதைவிட, ஐவர் ஐவராக மூன்று சுற்று நடத்தி, இடையிடையே திருத்துவது மேல்.

மூன்றாவது தவறுதான் என் கணிப்பில் மிகப் பரவலானது: பணியை எழுதும் வாக்கியமே விடையைச் சொல்லிக்கொடுப்பது. ‘கொழுந்து வரவு என்ற பொத்தானை அழுத்தி நேற்றைய எடையைப் பாருங்கள்’ என்று சொன்னால், பங்கேற்பவர் அந்தச் சொல்லைத் திரையில் தேடி அழுத்துவார், பணி முடிந்துவிடும், நாமும் மகிழ்ந்துவிடுவோம். அவர் எழுத்தைப் பொருத்திப் பார்த்தார் என்பதற்கு மேல் அதில் எதுவும் தெரியவில்லை. ‘நேற்று நீங்கள் கொடுத்த இலைக்கு எத்தனை கிலோ எழுதியிருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சந்தேகம் வருகிறது. இந்தப் போனை வைத்து என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டால், அவர் எங்கே தொடங்குகிறார், எந்தச் சொல்லைப் பார்த்துத் தயங்குகிறார், எப்போது சீட்டை எடுத்து ஒப்பிடுகிறார் என்பதெல்லாம் வெளிப்படும். திரையில் உள்ள சொற்களைப் பணி வாக்கியத்தில் பயன்படுத்தாதிருப்பதும், கற்பனைக் கதையைவிட அவர் வாழ்க்கையில் நடக்கும் நிகழ்வை எடுத்துக்கொள்வதும் நல்ல பணிக்கு அடிப்படை. எழுதிய பணிகளைக் குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் முன்னோட்டமாக ஒருமுறை நடத்திப் பார்த்தால், பாதிக் குழப்பங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

இடமும் நேரமும் அடுத்தவை. பயன்பாட்டுத் தரத்தை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 9241-11 தரநிலை, குறிப்பிட்ட பயனர்கள் குறிப்பிட்ட சூழலில் தம் நோக்கத்தை எவ்வளவு முழுமையாக, எவ்வளவு குறைந்த முயற்சியில், எவ்வளவு நிறைவாக அடைகிறார்கள் என்றே கேட்கிறது. வைஃபை உள்ள அறையில் தரமான போனைக் கொடுத்துச் சோதிப்பது, அந்தச் சூழலைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதிப்பதாகும். ஈரமான விரலுக்குத் தொடுதிரை சரியாக இணங்காது. மழைக்காக பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போனில் எழுத்து மங்கும். வளைவு ஒன்றைத் தாண்டினால் சிக்னல் போய்விடும். எனவே அவரவர் சொந்தப் போனில், எடை போடும் இடத்துக்கு அருகிலோ அவர் வீட்டுத் திண்ணையிலோ சோதனையை வைத்துக்கொள்வதே முறை. கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில் காலையில் யாரையும் அழைக்கக் கூடாது. இலையைக் கொடுத்துவிட்டு ஓய்ந்திருக்கும் பொழுதை அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சோதனை நடக்கும்போது நேரும் தவறுகளில் முக்கியமானது உதவிவிடுவது. பெரியவர் ஒருவர் திரையைப் பார்த்துத் திகைத்து நிற்கும்போது, ‘இங்கே அழுத்துங்கள், ஐயா’ என்று சொல்லாமல் இருப்பது நம் பண்பாட்டில் வளர்ந்தவர்களுக்குக் கடினம். எனினும் அந்தத் திகைப்பே நாம் தேடி வந்த செய்தி. ‘இப்போது என்ன நினைக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் மிகவும் சங்கடப்பட்டால் அந்தப் பணியை நிறுத்திவிட்டு, ‘திரைதான் சரியில்லை, உங்கள் மேல் தவறு இல்லை’ என்று சொல்லி அடுத்ததற்குப் போகலாம். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் செய்யும் முறையை ஐபிஎம் நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் 1982இல் இத்துறைக்கு எடுத்துக்கொண்டு வந்தார். அந்த முறையில், படுக மொழியில் சிந்திப்பவரைத் தமிழில் பேசச் சொன்னால் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும். அந்த மொழி அறிந்த ஒருவர் குறிப்பெடுக்க உடன் இருப்பது நல்லது. பேசிக்கொண்டே செய்யும் பணிக்கு ஆகும் நேரத்தை அளந்து, அதை வேகத்துக்கான அளவாகக் கொள்வதும் தவறு.

விருந்தோம்பல் மிகுந்த வீடுகளில் ‘எல்லாம் நன்றாக இருக்கிறது, தம்பி’ என்ற விடை தேநீரோடு சேர்ந்தே வரும். அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளலாம், முடிவாகக் கொள்ளக் கூடாது. அவர் கை என்ன செய்தது என்பதே சான்று. இடையில் பேரனோ மருமகளோ போனை வாங்கிச் செய்து காட்டினால், அதைத் தொந்தரவாகக் கருத வேண்டாம். வீட்டில் அந்தச் செயலி உண்மையில் அப்படித்தான் பயன்படும் என்றால், இருவரையும் சேர்த்தும் ஒருமுறை சோதிக்க வேண்டும்.

ஒப்புதலை வெறும் கையெழுத்தாக நடத்துவது அறத்துக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் புறம்பானது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தத் தகவல் எதற்காகப் பெறப்படுகிறது என்று தெளிவாக அறிவித்து ஒப்புதல் பெறவும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற இடமளிக்கவும் கோருகிறது. ஒருவரின் திரையைப் பதிவு செய்தால் அவருடைய வங்கி இருப்பும் பதிவாகிவிடலாம். ஆகவே கற்பனைக் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் சோதிக்கலாம். அவர் செலவிட்ட நேரத்துக்கு உரிய தொகையைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால், புகழ்ந்தால்தான் பணம் என்ற எண்ணம் எழாது.

முடிவுகளை எழுதும்போது, ஐந்து பேரில் மூவர் தடுமாறியதை ‘60 சதவீதப் பயனர்கள்’ என்று எழுதுவதைக் கைவிட வேண்டும். ‘ஐவரில் மூவர்’ என்றே எழுதலாம். ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கேள்வி கொண்ட எஸ்யூஎஸ் என்ற படிவம், பயன்படுத்த எவ்வளவு எளிது என்று பயனரே சொல்வதை 0 முதல் 100 வரை மதிப்பிடுகிறது. அந்த மதிப்பெண்ணும் சதவீதம் அன்று. பல ஆய்வுகளின் சராசரி ஏறத்தாழ 68 என்பதோடு ஒப்பிட்டே அதைப் படிக்க வேண்டும், அதுவும் ஐந்து பேரிடம் எடுத்த மதிப்பெண் பெரிதும் ஏறி இறங்கக்கூடியது என்ற நினைவோடு. ஒவ்வொரு சிக்கலையும் அது எத்தனை பேருக்கு நேர்ந்தது என்பதோடு, பணத்தையோ நம்பிக்கையையோ எவ்வளவு பாதிக்கும் என்பதையும் வைத்து வரிசைப்படுத்தி, சோதனை முடிந்த அன்று மாலையே குழுவோடு பேசிவிடுவது நல்லது. திருத்திய வடிவத்தை அதே பணிகளுடன் புதிய விவசாயிகளிடம் கொண்டு செல்ல வேண்டும். முதல் சுற்றில் கலந்துகொண்டவர்கள் பழைய திரையை ஏற்கெனவே கற்றுக்கொண்டவர்கள்.