இரவு லென்ஸ் அணியும் பிள்ளைகள்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கிட்டப்பார்வை உள்ளது. மூக்குக்கண்ணாடியின் டிகிரி ஒரே ஆண்டில் நூறு கூடிவிட்டதைக் கண்ட பிறகே பல குடும்பங்கள் ‘ஆர்த்தோ-கே’ எனப்படும் இரவு லென்ஸைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகின்றன. கெட்டியான, ஆனால் ஆக்சிஜனை ஊடுருவவிடும் அந்த லென்ஸைப் படுக்கும்போது அணிந்து காலையில் கழற்றிவிட்டால், பகல் முழுவதும் கண்ணாடி இல்லாமலே பிள்ளையால் வகுப்பறைப் பலகையைப் படிக்க முடிகிறது. பெற்றோரை ஏமாற்றுவதும் இந்த வசதிதான்.

பார்வை தெளிந்ததும் கிட்டப்பார்வை குணமாகிவிட்டது என்று எண்ணுவதே முதல் தவறு. லென்ஸ் கருவிழியின் மேலடுக்கை நடுவில் சற்றே தட்டையாக்குகிறது. சில நாள் அணியாவிட்டால் அது பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு டிகிரி ஏறுவதற்குக் காரணம் விழிக்கோளம் முன்பின்னாக நீண்டுகொண்டே போவதுதான். 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளைக் கொண்டு ஹாங்காங்கில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், இரவு லென்ஸ் அணிந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் அந்த நீட்சி, கண்ணாடி அணிந்தவர்களைவிட 43 விழுக்காடு குறைந்திருந்தது. குறைந்ததே தவிர, நிற்கவில்லை. எனவே எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பிள்ளை படித்துவிட்டதைக் கேட்டு நிறைவடையாமல், விழிக்கோளத்தின் நீளம் எத்தனை மில்லிமீட்டர் கூடியிருக்கிறது என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டறிவதே சரி. நீட்சி வேகமாகத் தொடர்ந்தால், சிங்கப்பூரிலேயே விரிவாக ஆராயப்பட்ட அட்ரோபின் சொட்டு மருந்து போன்ற வழிகளைக் கண் மருத்துவரிடம் பேசலாம். லென்ஸ் இருக்கிறதே என்று பிள்ளையின் வெளிப்புற விளையாட்டைக் குறைத்துவிடுவதும் இதே தவறின் இன்னொரு முகம். நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் இருப்பது அவசியம்.

அடுத்தது தண்ணீர். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய் நீரைக் காய்ச்சாமலே குடிக்கலாம் என்பதால், அதில் லென்ஸைக் கழுவினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வயிற்றுக்குக் கேடு செய்யாத நீரும் கண்ணுக்குக் கேடு செய்யலாம். குழாய் நீரில் வாழக்கூடிய அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் லென்ஸில் ஒட்டிக்கொண்டு, மூடிய இமைக்குள் இரவு முழுவதும் கருவிழியோடு இருந்தால், சிகிச்சைக்கு எளிதில் அடங்காத தொற்றை உண்டாக்கி, பார்வையையே பறிக்கக்கூடும். கையைச் சோப்பால் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். லென்ஸை அலச அதற்குரிய கரைசலோ கிருமியற்ற உப்புக் கரைசலோ மட்டுமே பயன்பட வேண்டும். நேற்றைய கரைசலின் மேல் இன்று கொஞ்சம் ஊற்றி நிரப்புவது சிக்கனமாகாது. லென்ஸ் பெட்டியையும், பலரும் மறந்துவிடுகிற, லென்ஸைக் கழற்றும் சிறிய ரப்பர் உறிஞ்சியையும் சுத்தமாக உலரவைத்து, உரிய காலத்தில் மாற்ற வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலைப் பயன்படுத்துவோர், அது முழுமையாக நடுநிலையாகும் வரை, பெரும்பாலான வகைகளுக்கு ஆறு மணி நேரம், பொறுத்திருக்காமல் லென்ஸை எடுத்தால் கண் கடுமையாக எரியும்.

காலை ஆறு மணிக்குப் பள்ளிப் பேருந்து வந்துவிடுமே என்ற அவசரத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. தூக்கத்தில் லென்ஸ் கருவிழியோடு ஒட்டிக்கொள்வது அரிதன்று. அதை அப்படியே பிடுங்கினால் மேலடுக்கு உரிந்து, கிருமி நுழைய வழி பிறக்கும். பரிந்துரைக்கப்பட்ட ஈரப்பதச் சொட்டுகளை விட்டு, சில நிமிடம் காத்திருந்து, கண்ணைச் சிமிட்டவைத்து, இமையின் மேலிருந்து மெல்ல அழுத்தி, லென்ஸ் நகர்வதைப் பார்த்த பிறகே கழற்ற வேண்டும். அதற்கான நேரத்தை முன்கூட்டியே ஒதுக்க முடியாத வீட்டில் இந்த முறையைத் தொடங்காமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

தூக்கத்துக்கும் இதே கணக்குதான். துணைப்பாட வகுப்பும் வீட்டுப்பாடமும் முடிந்து நள்ளிரவில் படுக்கும் பிள்ளைக்கு லென்ஸ் வேலை செய்யப் போதிய நேரம் கிடைக்காமல், மாலைக்குள் பார்வை மங்கிவிடலாம்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, நீர் வடிந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ அன்றிரவு லென்ஸ் அணியக் கூடாது. அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாளை வகுப்புத் தேர்வு இருக்கிறதே, இன்று மட்டும் போட்டுக்கொள்ளட்டும் என்று விடும் ஓர் இரவில் தொற்று வேரூன்றிவிடலாம். பழைய டிகிரிக்கேற்ற கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தால் இந்தத் தயக்கம் பாதியாகக் குறையும். கருவிழி பழைய வடிவத்துக்குத் திரும்பும்வரை, முதல் ஓரிரு நாள் அது பொருந்தாமல் போகலாம் என்றாலும், அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

விலை குறைவு என்று மலேசியாவின் ஜொகூர் பாருவில் லென்ஸ் செய்து வருவோர், முதல் இரவுக்கு மறுநாள் காலை, ஒரு வாரம், ஒரு மாதம், பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை எனத் தொடரும் பரிசோதனைகளுக்குக் கடற்பாலத்தைக் கடந்து போக முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். லென்ஸின் விலையில் மிச்சம் பிடிக்கலாம்; பாதுகாப்பு இருப்பதோ அந்தப் பரிசோதனைகளில்.

பள்ளியில் நடக்கும் பார்வைப் பரிசோதனையின்போது இரவு லென்ஸ் அணிவதைத் தாதியிடம் சொல்லாவிட்டால், பிள்ளைக்குக் குறையே இல்லை என்று பதிவாகிவிடும். மகன்களின் தேசிய சேவை மருத்துவப் பரிசோதனைக்கும் இது பொருந்தும். டிகிரி நிலைத்துவிட்டது என்று தாமாக முடிவுகட்டி நிறுத்துவதும் தவறு: 14 வயதிலோ அதற்கு முன்போ நிறுத்தியவர்களுக்கு விழிக்கோள நீட்சி மீண்டும் வேகமெடுத்ததை ஹாங்காங் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டனர். நிறுத்தும் காலத்தை மருத்துவரோடு பேசி முடிவெடுத்து, நிறுத்திய பிறகும் நீளத்தை அளந்துவர வேண்டும்.