எக்ஸ்11 திரையில் பாஸ்வேர்டு தட்டும் முன்

லினக்ஸில் எக்ஸ்11 (விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பு) திரையில் வேலை செய்கிறீர்களா? டெர்மினலில் எக்ஸ்இன்புட் (xinput) கட்டளையின் டெஸ்ட் வசதியை, உங்கள் கீபோர்டுக்கு சிஸ்டம் தந்திருக்கும் எண்ணைக் கொடுத்து ஓடவிடுங்கள். அப்புறம் பிரவுசருக்குப் போய் ஏதாவது தட்டிப் பாருங்கள். 'ஏ' விசையை அழுத்தினால் டெர்மினலில் அந்த விசையின் குறியெண் 38 வந்து விழும். ரூட் (நிர்வாகி) அனுமதியே கேட்காது! உங்கள் கணக்கில் ஓடும் எந்த நிரலும் இப்படி ஒட்டுக்கேட்கலாம், திரையைப் படமெடுக்கலாம்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் எக்ஸ் சர்வருக்குள் (எக்ஸ்11 திரையை நடத்தும் நிரல்) எஸ்இலினக்ஸ் என்ற லினக்ஸ் பாதுகாப்பு அமைப்பின் கட்டாய அணுகல் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு விண்டோவுக்கும் ஒரு பாதுகாப்பு முத்திரை இருக்கும். யார் எதைத் தொடலாம் என்பதைக் கொள்கை (எஸ்இலினக்ஸின் விதித் தொகுப்பு) மட்டுமே முடிவு செய்யும். 'எக்ஸ்சர்வர் ஆப்ஜெக்ட் மேனேஜர்' (xserver_object_manager) என்ற பூலியனை, அதாவது ஆன்/ஆஃப் அமைப்பை, ஆன் செய்தால் இது இயங்கும். ஆனால் சாதாரணப் பயனரின் நிரல்கள் பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் தடை போடாத 'கட்டுப்பாடற்ற' பிரிவில் ஓடுவதால், தனிக் கொள்கை எழுதாமல் பெரிய பலன் இல்லை.

வீட்டுக் கணினிக்கு என் யோசனை: லாகின் திரையில் உள்ள பல்சக்கரக் குறியைத் தட்டி, எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்டைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு நிரலின் விசைகள் இன்னொன்றுக்குப் போகாது. எக்ஸ்வேலண்டில் (எக்ஸ்11 நிரல்களை வேலண்டில் ஓட வைக்கும் அடுக்கு) ஓடும் பழைய நிரல்கள் மட்டும் தங்களுக்குள் இன்னும் ஒட்டுக்கேட்க முடியும். பாஸ்வேர்டு மேனேஜரை அதில் ஓடவிடாதீர்கள்.