இமேஜ் இறக்கிய கணினி பூட் ஆகவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக் கணினிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்தாரில் வாங்கியது கொஞ்சம், பாயான் லெப்பாஸ் அலுவலகம் ஏதாவது கழித்துக் கொடுத்தது கொஞ்சம் என்று மாடலுக்கு மாடல் வேறாக இருக்கும். ஒன்றில் விண்டோஸைச் சரியாக அமைத்து, சிஸ்பிரெப் (மற்ற மெஷினில் இறக்க விண்டோஸைத் தயார்செய்யும் கருவி) ஓட்டி, இமேஜ், அதாவது அந்த அமைப்பின் முழு நகல், எடுத்து மற்றதில் இறக்கினால் பாதி ஓடும், பாதி படுத்துவிடும். உடனே இமேஜ் கெட்டுப்போச்சு என்று மறுபடி எடுக்க உட்காராதீர்கள். இமேஜ் கெட்டிருந்தால் எல்லாமே அல்லவா படுத்திருக்கும்?

முதலில் திரையைப் பாருங்கள். லோகோவே வராமல் பூட் டிவைஸ் இல்லை என்கிறதா, அல்லது லோகோ வந்து வட்டம் சுற்றிய பிறகு நீலத்திரை விழுகிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

லோகோ வரவில்லை என்றால் பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் பூட் மோடைப் பாருங்கள். டிஸ்கைப் பிரித்திருக்கும் முறை ஜிபிடி என்றால் பூட் மோட் யூஇஎஃப்ஐ (புதிய முறை), எம்பிஆர் என்றால் லெகசி (பழைய முறை). விண்டோஸ் 11 என்றால் யூஇஎஃப்ஐ தான், பேச்சே இல்லை.

மோட் சரியாக இருந்தும் வரவில்லையா? விண்டோஸ் இன்ஸ்டால் தம்டிரைவில் பூட் செய்து ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல் வரும். அதில் டிஸ்க்பார்ட் (டிஸ்க் பகுதிகளைக் கையாளும் கருவி) ஓட்டி வால்யூம் பட்டியலைப் பாருங்கள், சில நூறு எம்பிக்குள் ஃபேட்32 என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும், அதற்கு எஸ் என்று எழுத்துக் கொடுங்கள். அப்புறம் டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து, பூட் ஃபைல்களை எழுதும் பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் ஃபோல்டரையும், ஸ்லாஷ் எஸ் போட்டு அந்த எழுத்தையும், ஸ்லாஷ் எஃப் போட்டு யூஇஎஃப்ஐ என்றும் கொடுத்தால் பூட் ஃபைல்கள் புதிதாக எழுதப்படும். ஒன்று கவனம்: இங்கே விண்டோஸ் இருக்கும் டிரைவ் சி ஆகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், எழுத்து மாறியிருக்கலாம்.

நீலத்திரையில் இன்அக்சசபிள் பூட் டிவைஸ் என்று வந்தால் பெரும்பாலும் ஸ்டோரேஜ் டிரைவர் (விண்டோஸ் டிஸ்கைப் படிக்க உதவும் மென்பொருள்) இல்லாத வேலைதான். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் பயாஸில் விஎம்டி (இன்டெலின் ஸ்டோரேஜ் நிர்வாக வசதி) ஆனில் இருக்கும், பழைய மெஷினில் எடுத்த இமேஜில் அதற்கான டிரைவர் இருக்காது. சுலபமான வழி, விஎம்டியை ஆஃப் செய்வது. ஐம்பது மெஷினுக்கும் பயாஸுக்குள் போய்வர முடியாது என்றால், டிஸ்ம் (இமேஜைத் திருத்தும் விண்டோஸ் கருவி) கொண்டு இமேஜை மௌன்ட் செய்து, அதாவது திறந்து, இன்டெலின் விஎம்டி டிரைவரைச் சேர்த்து, கமிட் (சேமி) கொடுத்து அன்மௌன்ட் செய்யுங்கள். கமிட் விட்டுப்போனால் சேர்த்தது போச்சு. என்னைக் கேட்டால் இப்படி டிரைவரைச் சேர்ப்பதுதான் நல்லது.

சரி, ஒவ்வொரு மாடலிலும் ஒரே ஒரு மெஷினில் இறக்கிப் பாருங்கள். அது ஓடினால் மற்றதைத் தொடுங்கள்.