பொட்டலைப் பொட்டலாகவே காப்பது: தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்து நிலத்துக்கான வழிமுறை

குமரி மாவட்டம் என்றதும் வயலும் குளமும் ரப்பர் தோட்டமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வந்தால் நிலமே வேறு. மலையின் மேற்குச் சரிவிலேயே தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்ந்துவிடும். கணவாய் வழியாக இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். அந்தக் காற்றுக்கும் குறைந்த மழைக்கும் பழகிய உடைமரம், கள்ளி, பனை, சங்கஞ்செடி, ஆவாரை எல்லாம் இங்கே தானாக நிற்பவை. இதைத் தரிசு என்று நினைத்து ஜேசிபியால் நிரவி, நிழல்மரக் கன்றுகளை வரிசையாக வைக்கிறவர்கள் நிறைய. வைத்த கன்று ஆடிக் காற்றில் கருகிவிடும். நிரவும்போது போன புதரும் புற்றும் திரும்ப வராது. ஆகவே இங்கே மரம் நடுவது கடைசி வேலை.

முதலில் நிலத்தைப் பாருங்கள். கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை, பத்து மீட்டருக்கு ஒரு தடமாக நடந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் புதர் எங்கே, கறையான் புற்று எங்கே, பாறை இடுக்கு எங்கே, மழைநீர் எந்த வழியாக ஓடுகிறது என்பது போதும். மொட்டைப் பனை நின்றால் கட்டாயம் குறியுங்கள். கொண்டை போன பனையின் பொந்தில்தான் பனங்காடையும் கிளியும் புள்ளி ஆந்தையும் குஞ்சு பொரிக்கும். உயிரோடுள்ள பனையில் காய்ந்து தொங்கும் ஓலையின் அடிப்பக்கம் பனை உழவாரன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டும். சுத்தம் பண்ணுகிறோம் என்று காய்ந்த ஓலை முழுவதையும் கழித்துவிட்டால் அந்தக் குருவிக்கு வேறு இடம் கிடையாது. ஒவ்வொரு பனையிலும் கொஞ்சம் ஓலையை விட்டுவையுங்கள்.

இரண்டாவது, ஆடு மாடு புகாமல் வேலி. உடை, இலந்தை, விடத்தலை எல்லாம் வெட்டுப்பட்ட அடிக்கட்டையிலிருந்து தானே துளிர்ப்பவை. வெள்ளாடு கடித்துக்கொண்டே இருப்பதால்தான் அவை முழங்கால் உயரத்தில் நிற்கின்றன. வேலி கட்டி இரண்டு ஐப்பசி மழை பார்த்த பிறகு நடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். பல இடங்களில் நடவே தேவைப்படாது.

கம்பிவேலிக்குப் பணம் இல்லையென்றால் திருகுகள்ளி வைக்கலாம். ஒன்றரை அடித் துண்டாக வெட்டி, வெட்டுவாயில் பால் உலரும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டு, அரை அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். ஈரமாக ஊன்றினால் அடி அழுகும். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் வெட்டாதீர்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே மருத்துவரிடம் போங்கள்.

சீமைக்கருவேலத்தை எடுப்பது

அதிகம் பிழை நடப்பது இந்த வேலையில்தான். முதல் பிழை, ஆள் மாறி வெட்டுவது. சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிராகத் தொங்கும். உடை, வெள்வேல், நாட்டுக் கருவேலம் ஆகியவற்றின் பூ சிறு உருண்டை. உடையின் தலை தட்டையாகக் குடை விரித்தாற்போல இருக்கும். வெள்வேலின் பட்டை வெளுத்திருக்கும். கருவேலத்தின் காய் ஒவ்வொரு விதைக்கும் இடையில் இறுகி மணிமாலையாகத் தெரியும். சீமைக்கருவேலக் காய் வைக்கோல் நிறத்தில், தடித்து, ஏறக்குறைய நேராக இருக்கும். கோயில்களில் நிற்கும் வன்னி இதற்கு உறவுக்காரமரம், ஆனால் நம் நாட்டு மரம். இலை பிரியும் கணுவில் இல்லாமல் கணுக்களுக்கு இடையில் சிறு முள் இருந்தால் அது வன்னி, தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பூத்துக் காய்க்கும்வரை பொறுங்கள்.

இரண்டாவது பிழை, தரையோடு வெட்டிவிட்டுப் போவது. தண்டும் வேரும் சேரும் கழுத்துப்பகுதியில்தான் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். அடியைச் சுற்றித் தோண்டி, தரைமட்டத்துக்குக் குறைந்தது ஒரு அடி கீழே வேரை வெட்டி, கழுத்தை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். மழை நனைத்த மண்ணில் கம்பிப்பாரையும் மண்வெட்டியும் போதும். விரல் தடிமனுள்ள கன்றைக் கையாலேயே பிடுங்கலாம். கார்த்திகை, மார்கழி இதற்குத் தோதான காலம். ஜேசிபி விட்டால் மண்ணில் புதைந்திருக்கும் விதைகளையும் கிளறி மேலே கொண்டுவந்துவிடும், பக்கத்துச் சங்கஞ்செடியும் காரைச்செடியும் வேரோடு போய்விடும்.

ஒரே வீச்சில் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். கௌதாரிக்கும் கீரிக்கும் மயிலுக்கும் இப்போது மறைவிடம் இதுதான். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எடுங்கள். நாட்டுப் புதர் தலையெடுத்த பிறகு அடுத்த பங்கைத் தொடுங்கள். வெட்டிய முள்ளை அங்கேயே எரிக்காதீர்கள், ஓணானும் மண்ணிலுள்ள நல்ல விதையும் சேர்ந்து வெந்துபோகும். காயுள்ள கிளையை வேலியாகப் போடுவதும் தப்பு.

விதை எங்கிருந்து திரும்பவும் வருகிறது என்று பலருக்குப் புரிவதில்லை. காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சாகாமல் வெளியே வரும், குடல் வழியாகப் போனதால் முளைப்பு இன்னும் எளிதாகும். ஆகவே காய் உதிரும் கோடையில் கிடை போடுவதை (இரவில் ஆடுகளை நிலத்தில் அடைப்பதை) நிறுத்துங்கள், அந்தக் காலத்துப் புழுக்கையை எருவாகப் போடாதீர்கள். எடுத்த இடத்தை மூன்று வருடம், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நடந்து பார்த்து, துளிரையும் கன்றையும் பிடுங்குங்கள்.

நடத்தான் வேண்டும் என்றால்

ஏக்கருக்கு அறுபது எழுபது குழி தாராளம். அதற்கு மேல் போனால் தண்ணீர்ப் போட்டி வரும். சரிவான நிலத்தில் புரட்டாசியிலேயே பிறை வடிவக் குழி எடுங்கள். இரண்டு மீட்டர் அகலம், வாய் மேட்டைப் பார்த்து, பள்ளத்துப் பக்கம் ஒரு அடி உயரக் கரை. ஓடிவரும் நீர் கரையில் முட்டி அங்கேயே இறங்கும். வரிசை பிடிக்காமல், பாறை ஓரம், புதர் ஓரம் பார்த்து இடம் கொடுங்கள். மேற்குப் பக்கம் நாலைந்து கல் அடுக்கினால் ஆடிக் காற்றின் வேகம் அடங்கும், கல்லடியில் ஈரமும் நிற்கும்.

விதையை அதே சுற்றுவட்டாரத்து வயல்வரப்பு, சாலையோர மரங்களிலிருந்து எடுங்கள். மருந்துவாழ்மலை போன்ற வனப்பகுதிகளில் அனுமதி இல்லாமல் செடியோ விதையோ எடுக்கக் கூடாது. உடை, வெள்வேல், ஆவாரை விதைகளுக்கு ஓடு கெட்டி. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி விதைமேல் ஊற்றி, அப்படியே ஆறவிட்டு ஒரு இரவு வையுங்கள். காலையில் பருத்திருப்பவற்றை விதையுங்கள், பருக்காதவற்றுக்குத் திரும்பச் செய்யுங்கள். அடுப்பில் வைத்தே கொதிக்கவிட்டால் விதை வெந்துவிடும். வேப்பம்விதைக்கு ஆயுள் சில வாரம்தான், பழம் உதிர்ந்ததும் சதை நீக்கி விதைக்க வேண்டும். பனங்கொட்டையை நேராக மண்ணில்தான் போட வேண்டும். முளை முதலில் கீழ்நோக்கி ஆழமாக இறங்கும், பிறகுதான் குருத்து மேலே வரும். பையில் வளர்த்து மாற்றி வைத்தால் பிழைக்காது.

மற்றவற்றுக்கும் நேரடி விதைப்பே மேல். குழிக்கு மூன்று விதை, விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு ஆழம். கன்றாக வளர்த்தால் ஒரு அடி உயரப் பை வேண்டும். குட்டைப் பையில் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும். அந்தக் கன்று முதல் மழையில் நன்றாக இருந்துவிட்டு இரண்டாம் கோடையில் சாகும். முதல் கோடைக்கு மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் போதும்.

வெட்டவெளியை மூடாதீர்கள். புல்லும் சரளையுமாகக் கிடக்கும் இடம்தான் ஆள்காட்டிக்கும் வானம்பாடிக்கும் ஓணானுக்கும் வீடு. ஆள்காட்டி கூடு கட்டாது, சரளைக் கற்களுக்கு நடுவில் சிறு குழியில் நான்கு முட்டை இடும். முட்டையின் நிறமும் புள்ளியும் கல்லைப் போலவே இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். பங்குனி முதல் ஆவணி வரை அந்தப் பகுதியில் மண்வேலையும் வண்டியும் வேண்டாம். பறவை தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றினால், வந்த வழியே திரும்பிவிடுங்கள். காற்றாலைக்குக் கீழே நிலம் உள்ளவர்கள் புல்வெளியாகவே விட்டுவிடலாம், நடவு எதுவும் வேண்டாம்.

மாசி முதல் சித்திரை வரை தீப் பயம் உண்டு. சாலையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குக் காய்ந்த புல்லை அறுத்து அப்புறப்படுத்துங்கள். உழவேண்டாம், அறுத்தால் போதும். உள்ளே உள்ள புல்லைத் தொடாதீர்கள்.