கல்லூரி வேலைக்குச் சரி சொல்வதற்கு முன் சம்பளத்தைக் கணக்குப் போடுவது எப்படி

பிஎச்.டி முடித்த கையோடு ஒரு கல்லூரியில் கூப்பிட்டுவிட்டால் வீட்டில் தலைகால் புரியாது. "எங்க பொண்ணு காலேஜ் புரொஃபசர்" என்று தெருவுக்கே சொல்லிவிடுவார்கள். அந்தப் பெருமை பொய்யில்லை, ஆனால் வாடகைக்கு அது ஆகாது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் தற்காலிகமாகப் பாடம் எடுப்பவருக்கு வைத்திருக்கும் பெயரே கௌரவ விரிவுரையாளர். 2025-இல் அவருக்கு மாதம் 25,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் 11 மாதத்துக்கு. பக்கத்து நாற்காலியில் இருக்கும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700-இல் தொடங்குகிறது. இருவரும் எடுப்பது அதே பாடம்தான்.

முதலில், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். 'அரசு உதவிபெறும் கல்லூரி' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஏனென்றால் அதே வளாகத்தில் அரசுப் பணம் வராத சுயநிதிப் பிரிவும் நடக்கும், அங்கே நிர்வாகம் வைத்ததுதான் சம்பளம். நான் அப்படி ஒரு சுயநிதிப் பிரிவில் மூன்று வருஷம் இருந்தேன். சேரும்போது கேட்கக் கூச்சப்பட்டு, மே மாதச் சம்பளம் கிடையாது என்பதை மே மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். எத்தனை மாதம் தருவீர்கள், பி.எஃப். பிடிப்பீர்களா, வங்கிக் கணக்கில் வருமா, இந்த மூன்றையும் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டால் மரியாதை குறையாது.

அடுத்து, வருஷத்துக்கு மொத்தம் கைக்கு வருவதை 12-ஆல் வகுங்கள், அதில் பஸ் செலவைக் கழியுங்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. உங்களுக்கு எத்தனை மணி நேரம், விடைத்தாள் திருத்துவது போக கோடையில் பள்ளி பள்ளியாகப் போய் அட்மிஷன் பிடிக்கச் சொல்வார்களா என்பதை அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவரிடம் தனியாக விசாரியுங்கள். பிறகு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது.

இன்னும் பிஎச்.டி சேரவில்லை என்றால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்க முட்டி மோதுங்கள். 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 37,000 ரூபாய், அதாவது கௌரவ விரிவுரையாளரின் அந்த 25,000-ஐவிட அதிகம். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. அதோடு 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், மாநில அளவில் நடக்கும் செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று இருந்தாலே தகுதிதான், பிஎச்.டி கட்டாயமில்லை. வேலைக்காக மட்டும் ஐந்து வருஷத்தை அதில் போடுகிறீர்கள் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

குறைந்த சம்பளத்துக்குத்தான் சேர்கிறீர்களா? சரி, சேருங்கள், பாடம் நடத்துவது பிடித்திருந்தால் அது தப்பான முடிவில்லை. ஆனால் இத்தனை வருஷம்தான் என்று இன்றைக்கே எழுதி வைத்து, வீட்டிலும் சொல்லிவிடுங்கள். இந்தக் கணக்குத் தாளை அப்பாவிடம் காட்டுங்கள், கல்யாணப் பேச்சு வரும்போது அவருக்கும் உண்மை தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டு உடனே கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள், நகல் மட்டும் அவர்களிடம் இருக்கட்டும்.